அரை மூடி மூச்சு

அம்மா அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் குச்சியைக் கன்டெய்னருக்குள் விட்டு, பத்து வரை எண்ணி, வெளியே எடுத்துக் காற்றில் இரண்டு வீசு வீசினாள். குச்சியின் அடியில் வெள்ளையாகப் பனி படர்ந்தது. பனி எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, உள்ளே அவ்வளவு உயரத்துக்குத் திரவ நைட்ரஜன் இருக்கிறது என்று அர்த்தம். அன்று நாலு விரல் இருந்தது.

“போறும். வேன் வர வரைக்கும் தாங்கும்,” என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “இதுக்குள்ளே போனது போனபடியே இருக்கும், கேட்டியா. இருபது வருஷமானாலும் ஒண்ணும் ஆகாது.”

எனக்கு அப்போது பத்து வயது. வெளியே மழை. கூடத்து ஜன்னல் கம்பியில் ஒரு சிவப்பு பலூன் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கன்டெய்னரைப் பார்த்தேன், பலூனைப் பார்த்தேன், மறுபடியும் கன்டெய்னரைப் பார்த்தேன். என் வாழ்க்கையின் முதல் யோசனை என்று நான் ஒப்புக்கொள்வது அதைத்தான். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் ஆசைகள்.

இருபது வயதில் நினைவுக் குறிப்பு எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். என்னோடு படித்தவர்களே, நீங்களும் பலூனுக்கு அழுத காலத்தைத் தாண்டி வந்தவர்கள்தானே. தாண்டி வந்துவிட்டால் திரும்பிப் பார்க்கலாம். அதற்குப் பல் விழ வேண்டும் என்று சட்டம் இல்லை.

முதலில் கன்டெய்னரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அம்மா கால்நடைத் துறையில் லைவ் ஸ்டாக் இன்ஸ்பெக்டர். ஊரில் பசு கத்தினால் அம்மாவுக்குப் போன் வரும். அம்மா போய்ச் சினை ஊசி போட்டுவிட்டு வருவாள். காளையின் விந்து, வைக்கோலைவிட மெல்லிய பிளாஸ்டிக் குழல்களில் அடைக்கப்பட்டு, திரவ நைட்ரஜனில் முழுகிக் கிடக்கும். மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி. அங்கே எதுவும் சாவதில்லை, எதுவும் வாழ்வதுமில்லை. ஆபீஸில் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குப் பெரிய கன்டெய்னர் இருந்தது. வீடு வீடாகப் போவதற்கு மூன்று லிட்டர் பிடிக்கும் சின்னது. அலுமினியத்தில், கழுத்து குறுகி, வயிறு உப்பி, கோவில் உற்சவத்துக்குச் சோறு வடிக்கும் தவலையின் குட்டி மாதிரி இருக்கும். அந்த மழைக்காலத்தில் ஆபீஸ் கூரை ஒழுகியதால் சின்னது எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

வீடு கரமனையில், கோவில் தெருவில். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடுகள். எது வந்தாலும் எல்லோருக்கும் தெரியும். கன்டெய்னர் ஸ்கூட்டியிலிருந்து இறங்கிய அன்றே எதிராத்து மாமி வந்துவிட்டார்.

“ஏண்டியம்மா, கோவில் தெருவாக்கும் இது. காளைமாட்டுச் சமாசாரத்தையெல்லாம் ஆத்துக்குள்ளே கொண்டு வெக்கலாமோ?”

“மாமி கார்த்தால குடிச்ச காப்பிக்குப் பால் எங்கேர்ந்து வந்ததாம்?”

“அது பசுவோட பால்.”

“பசுவுக்குக் கன்னு எங்கேர்ந்து வந்ததாம்?”

மாமி படியிறங்கிப் போனார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றே பேசினார். அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. எனக்குத்தான் இருந்தது. ஏனென்றால் அம்மா ஆபீஸ் போனபிறகு பள்ளி விட்டு வரும் எனக்குக் கதவு திறந்து, ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் மாமி. இப்போது சாவியை மட்டும் கொடுத்தார். நாலு மணி முதல் ஆறரை வரை நானும் வீடும்தான்.

நானும் வீடும் கன்டெய்னரும்.

கன்டெய்னர் பின்கட்டில், கிணற்றுக்குப் பக்கத்தில், காற்றாடும் இடத்தில் இருந்தது. அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. அது விடும் வாயு நமக்கான காற்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். வெறுங்கையால் உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது. இந்த இரண்டு விதிகளையும் அம்மா என்னைத் திரும்பச் சொல்லவைத்தாள். மூன்றாவது விதியைச் சொல்லவில்லை. மூடியைத் திறக்காதே என்று ஒரு பெண்ணிடம் சொல்வானேன், அவள் எதற்குத் திறக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பாள்.

இப்போது பலூன்.

ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் என் பிறந்தநாள். அதற்கு அடுத்த நாள் அப்பா மஸ்கட் போனார். பிறந்தநாளுக்கு இருபது பலூன்கள். பம்ப் வாங்கலாம் என்றாள் அம்மா. அப்பா கேட்கவில்லை. ஸ்டூலில் நின்று, ஒவ்வொன்றாக, முகம் சிவக்க ஊதினார். பதினைந்தாவது பலூனில் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார். நான் விசிறினேன்.

“ரெண்டே மாசம்டி குட்டி. ஓணத்துக்கு அப்பா இங்கே இருப்பேன்.”

பலூன்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. வெடித்தவை வெடித்தன. மற்றவை சுருங்கின. பத்து நாளில் ஒன்றுதான் மிச்சம், அந்தச் சிவப்பு. அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்துக்கொண்டிருந்தது. முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது. ரப்பருக்குள் நம் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள் உண்டு, அவற்றின் வழியே காற்று நழுவுகிறது என்பதெல்லாம் பின்னால் படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உள்ளே இருப்பது அப்பாவின் மூச்சு. அது போய்க்கொண்டிருக்கிறது.

அப்பா வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வார். முதல் வாரம் பள்ளிக்கூடக் கதையெல்லாம் கேட்டார். இரண்டாவது வாரம், “சாப்டியா, படிக்கறியா, அம்மாகிட்டக் குடு.” மூன்றாவது வாரம் என்னிடம் தரவே இல்லை. அம்மா போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், மழைச் சத்தத்துக்கு மேலே எழும்பாத குரலில் வெகுநேரம் பேசினாள். என்னைப் பற்றிப் புகார் சொல்கிறாள் என்று நினைத்தேன். கணக்கில் நான் வாங்கிய ஒன்பது மார்க் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தது.

அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் நாலு விரல் பனியும், இருபது வருஷம் என்ற வார்த்தையும்.

அன்றே செய்துவிடவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பலூனை ஜன்னல் கம்பியிலிருந்து அவிழ்த்தேன். ஊதிய நாளில் என் தலையைவிடப் பெரிதாக இருந்தது, இப்போது ஒரு பெரிய மாம்பழம் அளவு. அதன் முடிச்சில் என் பள்ளி அடையாள அட்டையின் நீல நாடாவைக் கட்டினேன், திரும்ப எடுக்க வேண்டுமே. அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். கன்டெய்னரின் கான்வாஸ் உறையை நீக்கி, மூடியைத் தூக்கினேன்.

புகை. வெள்ளை வெளேரென்று கழுத்திலிருந்து வழிந்து, தரையில் படர்ந்து, என் காலைச் சுற்றியது. அதுதான் நைட்ரஜன் என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னது தப்பு. நைட்ரஜனுக்கு நிறமே கிடையாது. அந்தப் புகை எங்கள் கரமனைக் காற்றுதான், அதிலுள்ள ஈரம்தான். குளிர் பட்டதும் ஈரம் துளித்துளியாகித் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ஜூன் மாதத்தில் எங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? நான் பார்த்த புகை அதனால்தான் அவ்வளவு பெரிது.

பலூன் கழுத்தைவிடப் பெரியது. நுழையாது என்று தோன்றியது. அப்பளக் குழவியின் நுனியால் மெல்ல அழுத்தினேன். அப்போது ஒன்று நடந்தது. அடியிலிருந்து வந்த குளிர் பட்டதும், யாரும் திருகாமலேயே, பலூன் தானே இளைத்தது. முதலில் எலுமிச்சை மாதிரி, பிறகு ஒரு காய்ந்த மிளகாய் மாதிரி ஆகி, உள்ளே நழுவிப் போய்விட்டது. கொதிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பில்லாமல் ஒன்று கொதிக்கிற சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

நாடாவைப் பிடித்து இழுத்தேன். வெளியே வந்தது பலூன் இல்லை. கெட்டியாக, சுருக்கம் சுருக்கமாக ஒரு சிவப்புத் தோல். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், தோலின் அடியில் நிழலாக ஏதோ ஆடியது. தண்ணீர்! கண் சொட்டு மருந்தின் மூடி இருக்குமே, அதில் பாதி அளவு. ஆட்டினால் ஆடியது.

அப்பாவின் மூச்சு தண்ணீராகிவிட்டது.

இதை நான் எப்படிச் சொன்னால் உங்களுக்குப் புரியும்? தண்ணீர் ஆவியாவது தெரியும், ஆவி தண்ணீராவது தெரியும்; இட்லிப் பாத்திர மூடியைத் திருப்பினால் சொட்டும். ஆனால் காற்று? காற்று காற்றுதான் என்று நினைத்திருந்தேன். அது எதற்கும் அடங்காமல் ஓடிக்கொண்டே இருப்பது, சுவரில் முட்டித் திரும்பி மறுபடியும் ஓடுவது. வேகம்தான் அதன் சூடு. சூட்டை எடுக்க எடுக்க வேகம் குறைகிறது. குறைந்து குறைந்து, ஒரு கட்டத்தில், பக்கத்தில் இருப்பதன் இழுப்பை உதறிவிட்டுப் போகத் தெம்பு இருக்காது. ஒட்டிக்கொள்கிறது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் ஆளுக்கொரு திசையில் ஓடுகிற கூட்டம், மழை வந்ததும் ஒரே கூரைக்கடியில் தோளோடு தோளாக நெருங்கி நிற்குமே, அப்படி. அதுதான் திரவம். அந்த நெருக்கத்துக்கு எவ்வளவு இடம் போதும் என்பதுதான் ஆச்சரியம். ஒரு பலூன் நிறைய இருந்த மனிதர் அரை மூடிக்குள் நின்றார்.

நான் கையில் பிடித்திருந்தபோதே பலூன் மொறுமொறுவென்று சத்தமிட்டது. சுருக்கம் விரிந்தது. மிளகாய் எலுமிச்சையானது, எலுமிச்சை மாம்பழமானது. அரை நிமிஷத்தில் பழைய பலூன், ஈரமாய், ஜில்லென்று. கன்னத்தில் வைத்துக்கொண்டேன்.

மறுபடியும் உள்ளே விட்டேன். மறுபடியும் எடுத்தேன். அன்று மட்டும் பதினொரு தடவை. போவதும் வருவதுமாக. யாரும் இல்லாத வீட்டில் ஒருவர் வந்துவிட்டுப் போவதும், போய்விட்டு வருவதும் மாதிரி இருந்தது என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. அப்போது அப்படியெல்லாம் நினைக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சொட்டு தெறித்து என் இடது சுண்டுவிரலில், குழவியைப் பிடித்திருந்த இடுக்கில் சிக்கியது. கொப்புளம் வந்தது. அடுப்பில் சுட்டுக்கொண்டேன் என்றேன். வீட்டில் அடுப்பு பற்றவைக்க என்னை விடுவதில்லை என்பதை அம்மா அன்று கவனிக்கவில்லை. அந்த வாரம் அம்மா எதையுமே கவனிக்கவில்லை.

ஆறரைக்கு ஸ்கூட்டி சத்தம் கேட்பதற்குள் பலூனை உள்ளே இறக்கி, நாடாவை வெளியே விட்டு, மூடியை வைத்தேன். நாடா தடிமன். மூடி ஒரு விரல் உயரம் தூக்கியே நின்றது. அழுத்திப் பார்த்தேன், போகவில்லை. பரவாயில்லை என்று கான்வாஸ் உறையை இழுத்து மூடினேன்.

பரவாயில்லை என்று நான் நினைத்த அந்த ஒரு விரல் இடைவெளிதான் இந்தக் கதை.

புதன், வியாழன், வெள்ளி. தினமும் நாலு மணிக்கு உறையை நீக்கி, பலூனை எடுத்து, வீங்க விட்டு, கன்னத்தில் வைத்து, திரும்ப இறக்கினேன். வெள்ளிக்கிழமை அப்பா போன் செய்யவில்லை. எனக்கு முன்போல் அழுகை வரவில்லை. என்னிடம்தான் இருக்கிறாரே.

மழை விடவில்லை. அந்த வாரம் பசு கத்துகிறது என்று அம்மாவுக்கு ஒரு போனும் வரவில்லை. நைட்ரஜன் கொண்டுவரும் வேன் வடக்கே எங்கோ வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ஒழுங்காக இருந்தால் அம்மா வியாழக்கிழமை குச்சி விட்டுப் பார்த்திருக்க வேண்டும். திங்களும் வியாழனும் அவள் தவறியதே இல்லை. அந்த வியாழன் தவறினாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஆற்றங்கரை அக்கா ஓடி வந்தார். கரமனை ஆற்றங்கரையில் தகரக் கொட்டகை போட்டு ஒரே ஒரு பசு வளர்த்தவர். எங்களுக்குப் பால் ஊற்றுவதும் அவர்தான். திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அக்கா புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“மேடம், மாடு கத்துது! காலைல இருந்து தண்ணி குடிக்கல, ஒரு இடத்துல நிக்கல. சீக்கிரம் வாங்க மேடம்.”

“காலைல இருந்துன்னா இப்பத்தான் சொல்றேளா?”

“மழைல போனு நனைஞ்சு செத்துப்போச்சு. மேடம், ஊசி போடுறது இது மூணாவது தடவ. இதுவும் சினை நிக்கலேன்னா வித்துருவேன்னு நிக்காரு அந்த மனுசன். வண்டிக்காரன்கிட்ட பேசியே வெச்சிட்டாரு. எனக்குப் பேடியா இருக்கு.”

“ஒண்ணும் பயப்படவேண்டாம். வரேன் போங்கோ.”

அம்மா கன்டெய்னரை உறையோடு தூக்கி ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் வைத்தாள். தூக்கியபோது அவள் புருவம் ஒரு கணம் சுருங்கியது; கனம் குறைவாக இருந்திருக்கும். பள்ளி இல்லாததால் என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் நான் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொன்னால் அப்பாவை வெளியே எடுத்துவிடுவாள். சொல்லவில்லை.

கொட்டகையில் பசு கயிற்றை முறுக்கிக்கொண்டு நின்றது. வெள்ளையில் கறுப்புத் திட்டு. எங்களைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தியது. அம்மா கையுறை போட்டுக்கொண்டாள், வெந்நீர் கேட்டாள், உறையை அவிழ்த்தாள். நீல நாடா வெளியே தொங்கியது. அம்மா அதைப் பார்த்தாள். மூடியைத் தூக்கினாள்.

புகை வரவில்லை.

கழுத்துக்குக் கீழே, உள்ளே முழுக்க அடைத்துக்கொண்டு, சிவப்பாக ஒன்று உப்பியிருந்தது. நைட்ரஜன் அந்த ஒரு விரல் இடைவெளி வழியே ஆவியாகி, இரவில் எப்போதோ தீர்ந்துபோய், உள்ளே சூடேறி, அப்பாவின் மூச்சு தானாகவே மறுபடியும் காற்றாகி, குழல்கள் இருந்த டப்பாக்களையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தது.

“இதென்ன மேடம், பலூனு?” என்றார் அக்கா.

அம்மா நாடாவை இழுத்தாள், வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சிவப்பை அவளுக்கும் தெரியும்; ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவள் அவள்தானே. பிறகு இடுக்கியின் நுனியை உள்ளே விட்டுக் குத்தினாள்.

டப்பென்று வெடிக்கும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். வெடிக்கவில்லை. புஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். அம்மாவின் முகம் கன்டெய்னரின் கழுத்துக்கு நேர் மேலே இருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி லேசாக அசைந்தது. கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். ரப்பர்த் துண்டை எடுத்துக் கீழே போட்டாள்.

பிறகு டப்பாவைத் தூக்கி ஒரு குழலை எடுத்து விரலால் தடவினாள். பனி இல்லை, குளிரே இல்லை.

“அக்கா, இது போயிடுத்து. எல்லாம் செத்துப்போச்சு.”

“சும்மா போட்டுத்தான் பாருங்களேன் மேடம். கடவுள் விட்ட வழி.”

“செத்ததைப் போட்டுட்டு உங்களை நம்பவெச்சு நான் போகப்படாது.”

“அப்போ வேற எங்கேருந்தாவது...”

அம்மா மழையில் நின்று நாலு இடத்துக்குப் போன் செய்தாள். ஆபீஸ் பெரிய கன்டெய்னர் பூட்டிய கம்பிக் கதவுக்குள், சாவி வைத்திருப்பவர் நெடுமங்காட்டில், பாதை முழுக்கத் தண்ணீர். இன்னொரு ஆஸ்பத்திரியில் நாளைக் காலை வரச் சொன்னார்கள். நாளைக் காலைக்குள் பசுவின் நேரம் போய்விடும். பசு கத்திக்கொண்டே இருந்தது.

“மறுபடியும் கத்த இன்னும் இருவத்தோரு நாளு,” என்றார் அக்கா. அழவில்லை. சாக்கை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார். “யாரு மேடம் உள்ள அத வெச்சது?”

நான் பசுவின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என் தப்பு,” என்றாள் அம்மா. “வியாழக்கிழமை நான் பாத்திருக்கணும். பாக்கலை.”

அது பொய் இல்லை. அதனால்தான் என்னால் இன்றுவரை அதைத் தாண்ட முடியவில்லை.

திரும்பி வரும்போது பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை ஓரம் கட்டினாள். கீழே ஆறு காப்பி நிறத்தில் ஓடியது. இறங்கவில்லை, திரும்பவில்லை, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

“எத்தனை நாளா?”

“செவ்வாக்கிழமேலேர்ந்து.”

“என்னத்துக்குடி?”

“அப்பா மூச்சு சின்னதாயிண்டே வந்தது. நீதானே சொன்னே, இருபது வருஷமானாலும் கெடாதுன்னு.”

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா கண்ணாடியில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்தாள்.

“என்னண்டை சொல்லியிருக்கப்படாதா? ஆபீஸ்ல பெரிய கன்டெய்னர்ல வெச்சிருப்பேனே.”

அவ்வளவுதான் சொன்னாள். வண்டியைக் கிளப்பினாள்.

பத்து வருஷமாக இந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அன்று அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அம்மா என் பக்கம் என்று மட்டும் புரிந்துகொண்டேன். இப்போது வேறு ஒன்று தெரிகிறது. கிணற்றடியில் மழைச் சத்தத்துக்கு அடியில் பேசியது என் ஒன்பது மார்க்கைப் பற்றி அல்ல. அப்பா ஓணத்துக்கு வரப்போவதில்லை, எதற்குமே வரப்போவதில்லை என்பது அம்மாவுக்கு அந்த வாரமே தெரியும். தெரிந்துகொண்டுதான் இடுக்கியால் குத்தினாள். தெரிந்துகொண்டுதான் பெரிய கன்டெய்னரில் வைத்திருப்பேன் என்றாள். இரண்டையும் ஒரே மத்தியானத்தில் செய்ய ஒரு மனுஷியால் முடிந்திருக்கிறது.

அப்பா வரவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மூன்று வருஷம் கழித்து வந்தார். தம்பானூரில் லாட்ஜில் தங்கினார். கீழே ஓட்டலில் எனக்கு மசால்தோசை வாங்கிக் கொடுத்து, உயரமாயிட்டியேடி குட்டி என்றார். கைகழுவும் இடத்தில் கண்ணாடியில் இருவரும் ஒரே மாதிரி இருந்தோம்.

ஆற்றங்கரை அக்கா இருபத்தோரு நாள் காத்திருக்கவில்லை. அவர் வீட்டுக்காரர் காத்திருக்க விடவில்லை. ஒரு வாரத்தில் கொட்டகை காலியாக இருந்தது. பால் நின்றது. நாங்கள் மில்மா பாக்கெட்டுக்கு மாறினோம். தினமும் பள்ளிக்குப் போகும் பஸ் அந்தப் பாலத்தின் மேல்தான் போகும். ஜன்னலோரம் இடம் கிடைத்தாலும் நான் கொட்டகைப் பக்கம் உட்காரமாட்டேன். ஒருமுறை கடையில் அக்காவை நேருக்கு நேர் பார்த்தேன். “பாப்பா, அம்மா சௌக்கியமா?” என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. தலையாட்டினேன். சொல்லியிருக்கலாம்.

துறையிலிருந்து அம்மாவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. போன வருஷம் பீரோவில் ஆதார் தேடும்போது அதன் பதிலின் நகல் கிடைத்தது. அம்மாவின் நேர் கையெழுத்து: மூடியைச் சரியாகப் பொருத்தாமல் விட்டது என் கவனக்குறைவு. பலூன் என்ற வார்த்தையே இல்லை. எதிராத்து மாமி அந்தக் காலத்தில் தெருவெல்லாம் சொன்னது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது: “போன்ல குசுகுசுன்னு பேசிண்டிருந்தா வேலை எப்படி நடக்கும்?” மாமி மோசமானவர் இல்லை. வாசலிலிருந்து பார்த்தால் அவ்வளவுதான் தெரியும்.

நான் இயற்பியல் எடுத்ததற்கு என்ன காரணம் என்று நேர்முகத்தில் கேட்டபோது, வாயுக்கள் திரவமாவது பிடிக்கும் என்றேன். அது உண்மைதான். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு ஒரு விஷயம். அன்று நான் ஆட்டிப் பார்த்த அரை மூடித் தண்ணீரில் அப்பாவுடையது எவ்வளவு? மூச்சில் பெரும்பகுதி நைட்ரஜன். உள்ளே போனபடியே வெளியே வருவது, யாருடைய மூச்சிலும் ஒன்றுபோல் இருப்பது. ஆக்ஸிஜன் அவர் எடுத்ததுபோக மிச்சம். அவர் உடம்பிலிருந்தே வந்தது என்றால் கொஞ்சம் நீராவியும் கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடும்தான். அவை இரண்டும் திரவமாகவே இல்லை. அந்தக் குளிரில் நீராவி பனித்தூளாகும், கார்பன் டை ஆக்சைடு வெள்ளைப் பொடியாகும். ரப்பரின் சுருக்கங்களில் ஒட்டிக்கொண்டு கண்ணில் படாமல் கிடந்திருக்கும். நான் கொஞ்சியது பெரும்பாலும் ஊர்க் காற்றை. அப்பா சுருக்கங்களில் இருந்தார்.

சரி, இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். நாளை திங்கட்கிழமை எங்கள் துறைக்குத் திரவ நைட்ரஜன் வருகிறது. பிராக்டிகல் முடிந்தபின் இருபது நிமிஷம் எனக்கு என்று சார் ஒப்புக்கொண்டிருக்கிறார். சாலைக் கடைத்தெருவில் ஏழு கடை ஏறி இறங்கி, நிறமே இல்லாத பலூன் பாக்கெட் ஒன்று வாங்கினேன். உள்ளே நடப்பது தெரிய வேண்டும். திரவ ஆக்ஸிஜனுக்கு வெளிர் நீலம் உண்டு. மெல்லச் சூடேறவிட்டால் நைட்ரஜன் முதலில் கிளம்பிப் போகும், கடைசியில் மிஞ்சும் சொட்டில் நீலம் கொஞ்சம் கூடுமா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு சின்ன அளவில் தெரியாது என்கிறார் சார். பார்ப்போம். எனக்கு நீலத்தைவிட அந்த வெள்ளைப் பொடிதான் முக்கியம். சுருக்கங்களில் டார்ச் அடித்துத் தேடப்போகிறேன்.

பலூனை நேற்று அம்மாவிடம் நீட்டினேன். ரிட்டயர் ஆக இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது அவளுக்கு; ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டிய தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள்.

“ஊது.”

“எனக்கெதுக்குடி இந்த வயசுல பலூன்?”

“உன் மூச்சு வேணும். லேப்புக்கு.”

துருவலை நிறுத்தினாள். இந்தப் பத்து வருஷத்தில் நாங்கள் இருவரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிப் பேசியதே இல்லை.

“என் மூச்சை எதுக்குப் பத்திரப்படுத்தறே? நான்தான் இங்கேயே இருக்கேனே.”

“அதனாலதான். இங்கேயே இருக்கேங்கறதால யாரும் கேக்கவே இல்லையே.”

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஊதத் தெரியவில்லை. கன்னம்தான் உப்பியது, பலூன் உப்பவில்லை. இருவரும் சிரித்தோம். நாலாவது முயற்சியில் பிடி கிடைத்தது. நடுவில் இருமினாள், தேங்காய் வாசனையோடு. ஒரு பெரிய மாம்பழம் அளவுக்கு மேல் வரவில்லை. போதும் என்று நானே முடிச்சுப் போட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பலூன் என் மேஜைக்கு மேலே அதே ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. ஒரு நூலால் சுற்றளவு எடுத்து வைத்திருக்கிறேன். நேற்றைவிட அரை விரல் குறைந்திருக்கிறது. நாளைக் காலை எட்டரை பஸ். பலூனைக் கட்ட அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து மிக மெல்லிய வெள்ளை நூல் எடுத்தாயிற்று. அதன் மேல் எந்த மூடியும் உட்காரும். உட்கார்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையை எடுப்பேன்.